சம்பந்தம் ஒட்டிய மஞ்சள் பொட்டு

அயனம்பாக்கம் சம்பந்தத்தின் முன்னால் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவர் அதை உடனே கொஞ்ச மாட்டார். அதன் சத்தம் எப்படி வருகிறது என்று முதலில் கேட்பார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்பட ஆலையில் தலை கறுத்திருந்தபோது சேர்ந்து, தலை வெளுக்கும்வரை அவர் பார்த்த வேலை அப்படி.

லாரிச் சக்கரத்துக்குப் போகும் இரும்பு பிரேக் டிரம்கள் வரிசையாக அவர் முன்னால் வந்து நிற்கும். சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவார். கணீரென்றால் நல்ல உருப்படி, பச்சைப் பொட்டு ஒட்டுவார். சத்தம் அமுங்கி வந்தால் உள்ளே எங்கேயோ விரிசல், சிவப்புப் பொட்டு. இதுவுமில்லாமல் அதுவுமில்லாமல் இழுத்தால் மஞ்சள். மஞ்சள் என்றால் 'ஹோல்ட்'. ஓரமாக இருக்கட்டும், அப்புறம் இன்னொரு தரம் பார்த்துக்கொள்ளலாம் என்று பொருள். சம்பந்தம் பச்சை ஒட்டிய உருப்படி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று எஸ்டேட்டில் சொல்வார்கள். அவரும் அதை இரண்டு மூன்று தரம் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் கம்பெனி ஊரை விட்டே போயிற்று. புது இடத்தில் தட்டிப் பார்க்கும் வேலையை மிஷின் செய்யுமாம். சம்பந்தத்துக்குக் கைகொடுத்து, மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மகள் வர்ஷா ஏற்கெனவே கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். வீட்டில் மனைவி சரசாவும் அவரும்தான். சும்மா இருப்பதே சுகம் என்று சொன்னவர் ஷிஃப்டுக்குப் போய்ப் பழகிய ஆளாக இருந்திருக்க முடியாது. காலையில் எழுந்து, குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நின்றார்.

"ஊட்டுல கீற குக்கரு, குண்டான் ஒண்ணு வுடாம தட்டித் தட்டிப் பாக்குறாரு. எங்கனா கூட்டிகினு போய் வேலைல சேத்துவுடுங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்" என்று சரசா தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டது பூந்தமல்லி தாண்டி பெங்களூர் சாலையில் இருக்கும் 'குதூகலம்' பார்க். முதலில் வண்டி நிறுத்தும் இடத்தில்தான் வேலை. விசில் ஊதிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். முட்டி வலி வந்தது, முகம் கறுத்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? வந்து நிற்கும் கார்களை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பிள்ளைகளைக் கவனிக்க ஆரம்பித்தார். "அந்த வெள்ள வண்டிப் பையனை சுத்துற ராட்டினத்துல ஏத்தாதீங்க மேடம், வாந்தி எடுக்கும்" என்பார். சொன்னபடியே நடக்கும்.

இதைக் கேள்விப்பட்டவர் ஷோக்களைக் கவனிக்கும் மேலாளர் ஷோபனா. மதுரைக்காரர், முகப்பேரில் அடுக்குமாடியில் இருக்கிறார். கோபம் வந்தால் குரல் இறங்குமே தவிர ஏறாது. அவர்தான் சம்பந்தத்தை வெயிலிலிருந்து எடுத்து ஏசிக்குள் கொண்டுவந்து விட்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவர் இருக்கும் திசையைப் பார்த்து சம்பந்தம் தினமும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

புது வேலை, 'மலைமுழுங்கி' ஷோவுக்குப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பது. மலைமுழுங்கி என்பது மேடை அளவுக்குப் படுத்திருக்கும் ஒரு பெரிய அரக்கன் பொம்மை. உள்ளே துலுக்கானம் என்பவர் உட்கார்ந்து கயிறும் நெம்புகோலும் இழுத்துக் குறட்டை விடுவார். அரக்கன் ஆற்றுக்குக் குறுக்கே படுத்துத் தூங்குகிறான். ஊருக்குத் தண்ணீர் வரவில்லை. பார்க்க வந்தவர்களிலிருந்து மூன்று பிள்ளைகள் மேடையேறி, ஒன்று கொட்டு அடித்து, ஒன்று கொம்பு ஊதி, கடைசிப் பிள்ளை காதருகில் போய் "எழுந்திரு!" என்று அலற வேண்டும். அரக்கன் எழுந்ததும் தண்ணீர் பாயும். அவ்வளவுதான் கதை.

மேடையில் ஷோவை நடத்தும் யூசுப், முன்பெல்லாம் கை தூக்கும் பிள்ளையைத் தானே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கை தூக்குவதற்கும் மேடையில் நிற்பதற்கும் சம்பந்தமே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. கீழே சிங்கமாக இருந்தது மேலே வந்ததும் பூனையாகி, "அம்மா" என்று அழும். அதனால் வரிசையில் நிற்கும்போதே ஒருவர் பார்த்து, தேறும் பிள்ளையின் தோளில் யாருக்கும் தெரியாமல் ஒரு சின்னப் பொட்டு ஒட்டிவிட வேண்டும் என்று ஏற்பாடு ஆயிற்று. மேடை வெளிச்சத்தில் பொட்டு மினுங்கும். யூசுப் ஏதோ தற்செயலாகப் பார்த்ததுபோல அந்தப் பிள்ளையைக் கூப்பிடுவார். பெற்றவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் ஆளுக்கொரு பொட்டோடு வந்து நிற்பார்கள்.

சம்பந்தம் சுத்தியல் இல்லாமலே தட்டினார். குனிந்து, "பேரு இன்னா?" என்று கேட்பார். கணீரென்று பதில் வந்தால் பச்சை. சிவப்பை அவர் கையாலும் தொடவில்லை. குழந்தைக்குச் சிவப்பு ஒட்ட யாருக்கு மனசு வரும்? ஆனால் மஞ்சள் மட்டும் அவரை விடவில்லை. சந்தேகமாக இருக்கும் பிள்ளைக்கு மஞ்சளை ஒட்டிவிட்டு, வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பி வருவார். இரண்டாம் தரம் கேட்பார். தேறினால் பச்சை, தேறாவிட்டால் தலையைத் தடவுகிற சாக்கில் மஞ்சளை உரித்து எடுத்துவிடுவார். இப்படி ஒரு மஞ்சள் நடமாடுவது யூசுப்புக்கோ ஷோபனாவுக்கோ தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், யாரும் கேட்கவில்லை.

யானைக்கும் அடி சறுக்கும். ஒரு சனிக்கிழமை, மணி மாதிரி பேர் சொன்ன பையன் ஒருவன், பச்சையிலும் பச்சை, மலைமுழுங்கியின் மூக்குத் துவாரத்தைப் பார்த்ததும் விறைத்து நின்று, மேடையிலேயே கால்சட்டையை நனைத்துவிட்டான். பையனுடைய அப்பா அதைப் படம் பிடித்த எவனோ ஒருவனோடு சண்டைக்குப் போய், பார்க்கின் பெயர் போனில் எல்லாம் சுற்றியது.

மறுநாள் காலையில் ஷோபனா கூப்பிட்டார். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"சம்பந்தம் சார், மேல இருந்து கேக்கிறாங்க. சீட் நம்பரை கம்ப்யூட்டர்ல குலுக்கி எடுத்துட்டா எந்தப் பிள்ள வந்தாலும் நம்ம பொறுப்பில்லைங்கிறாங்க. நான் இன்னைக்கு ஒருநாள் பாக்குறேன்னு சொல்லியிருக்கேன். இன்னைக்கு ஒரு பிள்ள மேடையில விறைச்சு நின்னுட்டாலும் என்னால பேச முடியாது. நீங்க திரும்ப பார்க்கிங்குக்குத்தான் போகணும்."

சம்பந்தம் தலையாட்டினார். வெயில்கூடப் பரவாயில்லை, முட்டி வலியும் பழகிவிடும். ஆனால் அவர் இடத்தில் மிஷினை வைத்து அனுப்புவது இது இரண்டாவது தரமாக இருக்கும். தேநீர் கொண்டுவந்த யூசுப் அவர் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னா நைனா, மொகம் பேயறஞ்சா மாரி கீது? நீ கரெக்டா பாத்து ஒட்டு, மீதிய நான் மேல பாத்துக்குறேன். பொட்டு கீற புள்ளைய தவுர வேற எவனையும் இட்டுக்கினு வரமாட்டேன், போதுமா?"

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலை ஷோக்கள் நல்லபடியாக முடிந்தன. மத்தியான ஷோவுக்கு வரிசை ராட்டினம்வரை நீண்டிருந்தது. சம்பந்தம் ஒவ்வொரு பிள்ளையாகத் தட்டிக்கொண்டே போனார். இரண்டு பச்சை தேறியது. மூன்றாவதாக ஒரு பெண் குழந்தை, ஒன்றாம் வகுப்போ இரண்டோ படிக்கிற வயது. பக்கத்தில் பாப்கார்னோடு அம்மா. அப்பா கம்பியில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"பேரு இன்னா பாப்பா?"

உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இன்னும் குனிந்து காதைக் கொடுத்தபோது, "பவ்யா" என்று கொசு ரீங்காரம் மாதிரி கேட்டது. ஆனால் கண் இரண்டும் அவரை விட்டு நகரவில்லை. பயந்த கண்ணும் இல்லை. கண் பச்சை என்றது, காது சிவப்பு என்றது. சம்பந்தம் மஞ்சளை ஒட்டிவிட்டு நகர்ந்தார்.

திரும்பி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முன்னறிவிப்பில்லாமல் கொட்டும் சென்னை மழை. நனைகிறார்களே என்று கதவுக்காரர் நேரத்துக்கு முன்பே கதவைத் திறந்துவிட்டார். கூட்டம் அடித்துப் பிடித்து உள்ளே பாய்ந்தது. சம்பந்தம் கடைசியில் இழுபட்டு, தொப்பலாக நனைந்து, அரங்கின் பின்கதவில் போய் நின்றார். கையிலிருந்த பச்சைப் பொட்டுத் தாளைப் பார்த்தபோதுதான் மஞ்சள் நினைவுக்கு வந்தது.

மேடையில் ஷோ ஆரம்பித்துவிட்டது. முதல் பச்சை கொட்டு அடித்தது. இரண்டாவது பச்சை கொம்பை ஊதியது. கட்டடமே அதிர்ந்தது. யூசுப் நெற்றியில் கை வைத்து, "கத்துறதுக்கு ஒருத்தர் வேணுமே" என்று அரங்கைத் துழாவினார். விளக்கு வெளிச்சத்தில் மற்ற நிறமெல்லாம் மங்கிக் கிடக்க, மஞ்சள் பொட்டு தெருவிளக்கு மாதிரி எரிந்தது.

சம்பந்தம் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். யூசுப் பின்கதவைப் பார்த்தார். நைனாவே இவ்வளவு குஷியாகக் கை ஆட்டுகிறாரே, இதுதான் சரியான பிள்ளை என்று முடிவு கட்டிவிட்டார்.

"அந்த ரோஸ் கவுன் பாப்பா, வாம்மா மேல!"

பவ்யா எழுந்து, நிதானமாக நடந்து, மேடையேறினாள். ஒலிக் கருவிகள் இருக்கும் கண்ணாடி அறையில் ஷோபனா எழுந்து நிற்பது தெரிந்தது. ஆண்டவனே, பேர் சொல்லவே சத்தம் வராத குழந்தையைக் கத்துவதற்கு அனுப்பியிருக்கிறேனே என்று சம்பந்தம் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

யூசுப் மைக்கை நீட்டினார். மலைமுழுங்கி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பவ்யா அவன் முகத்தைப் பார்த்தாள். கத்தவில்லை. யூசுப் மறுபடி கேட்டார். கத்தவில்லை. அரங்கத்தில் செருமல் கேட்க ஆரம்பித்தது.

"இன்னாம்மா, பயமா கீதா?" என்றார் யூசுப்.

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். மைக்கை இழுத்து, அதே கொசுக் குரலில், "எழுப்பக் கூடாது" என்றாள்.

"ஏன்?"

"நைட் ஷிஃப்ட் போயிட்டு வந்திருப்பாரு."

அரங்கமே சிரித்தது. யூசுப்பும் சிரித்துவிட்டு, "உனக்கு யாரு சொன்னது?" என்றார்.

"எங்கப்பா நைட் ஷிஃப்ட். பகல்ல தூங்கும்போது சத்தம் போடக் கூடாது. அம்மா மிக்சி போட மாட்டாங்க. நான் பேசவே மாட்டேன்." சொல்லிவிட்டு விரலை நீட்டினாள். "அங்க பாருங்க, இப்பவும் தூங்குறாரு."

எல்லாத் தலையும் திரும்பியது. நடு வரிசையில் அவளுடைய அப்பா, ஏசிக் காற்று பட்டதும் சாய்ந்தவர், வாய் திறந்து, பாப்கார்ன் பொட்டலத்தை மடியில் அணைத்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா வெட்கத்தில் சிவந்து, அவரை உலுக்கக் கை எடுத்தாள்.

"அம்மா, வேணாம்" என்றாள் பவ்யா.

சிரிப்பு நின்றது. யாரும் சொல்லாமலே நின்றது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் யார்? அம்பத்தூரில் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள், ஆவடித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் குடும்பங்கள், ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் விழித்துவிட்டு விடிந்தபின் படுக்கிறவர்கள். பகலில் தூங்கும் மனிதன் ஒவ்வொருவர் வீட்டிலும் உண்டு. கொட்டும் கொம்பும் எழுப்பாத ஆளை நம் பேச்சா எழுப்பப்போகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கொட்டடித்த பையன் குச்சியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

யூசுப் மைக்கைத் தணித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "சரிம்மா, எழுப்பவேணாம். ஆனா இவரு நகந்தாதான ஊருக்குத் தண்ணி வரும்? இன்னா பண்ணலாம்?"

பவ்யா யோசித்தாள். அரக்கனின் தோளருகே போனாள். வீட்டில் பார்த்தது அப்படியே கையில் வந்தது போலிருக்கிறது. மெல்ல இரண்டு தட்டுத் தட்டி, "கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்க" என்றாள்.

உள்ளே இருந்த துலுக்கானத்துக்கு எழுந்து உட்காரவைக்கும் நெம்புகோல்தான் தெரியும். ஆனாலும் அவரும் பிள்ளை பெற்றவர். நெம்புகோலைப் பாதியில் நிறுத்தி ஒரு பக்கமாகச் சாய்த்தார். மலைமுழுங்கி முனகிக்கொண்டே, கண்ணைத் திறக்காமல், புரண்டு படுத்தான். அடியிலிருந்து தண்ணீர் சலசலவென்று ஓடியது.

அத்தனை பேரும் கைதட்டினார்கள், சத்தம் மட்டும் வராமல். உள்ளங்கைகள் சேர்வதற்கு முன்னால் நின்றன. சில பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சம்பந்தம் துடைக்கவில்லை, மழையில் நனைந்த முகம், யாருக்குத் தெரியப்போகிறது.

கூட்டம் செருப்பைத் தேய்க்காமல் வெளியேறியது. அரங்கத்தைக் காலி செய்வதும் சம்பந்தத்தின் வேலைதான். நடு வரிசைக்குப் போய், தூங்குகிறவரைத் தொட முடியாமல் நின்றுகொண்டிருந்தபோது ஷோபனாவும் வந்துவிட்டார். எல்லா விளக்கும் போட்டதில் அந்த மனிதர் தானே விழித்தார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"ஷோ இன்னும் ஆரம்பிக்கலையா சார்?" என்றார்.

அவர் மனைவிதான் நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இவளா? மேடையில பேசினாளா?" என்றார். "ஸ்கூல்ல வாயே திறக்கிறதில்லைன்னு மிஸ் சொல்லிக்கிட்டே இருக்காங்க சார். எங்க போனாலும் யாரும் இவளைக் கூப்பிட மாட்டாங்க. நீங்க எப்படி சார் இவளை செலக்ட் பண்ணீங்க?"

ஷோபனா பக்கத்திலேயே நின்றார். சம்பந்தம் வாயைத் திறந்து ஏதாவது பெருமையாகச் சொல்லியிருந்தால் வேலை அங்கேயே நிலைத்திருக்கும். அனுபவம் சார், ஒரு பார்வையில் தெரிந்துவிடும் என்று ஒரு வார்த்தை போதும். வாய்வரைக்கும் வந்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபின் பொய் வெளியே வரவில்லை.

"நான் செலக்ட் பண்ணல சார். டவுட்டாதான் வெச்சிருந்தேன். ரெண்டாந்தரம் வந்து பாக்குறதுக்குள்ள மழை வந்துட்ச்சு, பொட்ட எடுக்க முடியல. பாப்பா என்னைக் காப்பாத்திட்ச்சு. நான்தான் அதுக்கு நன்றி சொல்லணும்" என்றார். குனிந்து பவ்யாவிடம் சொல்லவும் சொன்னார். அவள் பாப்கார்னைத் தின்றுகொண்டே தலையசைத்து ஏற்றுக்கொண்டாள்.

அவர்கள் போனபிறகு ஷோபனா மஞ்சள் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மஞ்சளின் கதை முழுவதையும் சொல்லவைத்தார். சம்பந்தம் சொல்லி முடித்துவிட்டு, விசிலை எங்கே வைத்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும் சார்" என்றார் ஷோபனா. குரல் இறங்கவில்லை. "மேல நான் பேசிக்கிறேன். இனிமே ரெண்டு பச்சை போதும். மூணாவதா ஒரு மஞ்சளை நீங்களே பாத்து ஒட்டுங்க. கம்ப்யூட்டரால இதெல்லாம் முடியாது."

இந்த முறை சம்பந்தம் மனசுக்குள் போடாமல், நேரிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஷோபனா பதறிப்போய், "என்ன சார் இது, போய்த் தலையைத் துவட்டுங்க" என்று விரட்டினார்.

கடைசி ஷோ முடிந்ததும் அரங்கத்துக்குப் பின்னால் டீக்கடை ஓரம் நின்று, கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். அவராகக் கூப்பிடும் வழக்கமில்லை. சரசா பேசி முடித்துவிட்டுக் கொடுத்தால் இரண்டு வார்த்தை பேசுவார். வர்ஷா பயந்தே போனாள்.

"இன்னாப்பா, அம்மாவுக்கு ஏதாவதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாத்தான் கீறா." கடைச் சத்தத்தை விட்டுத் தள்ளிப்போய் நின்றார். "ஒண்ணு கேக்கணும். சின்னப் புள்ளைல, நான் நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்குவேன்ல, அப்ப நீ எங்க இருப்ப?"

"எங்க இருப்பேன்? ஏரிக்கரைலதான். ஊட்டுல வெளையாடினா சத்தம் வரும்னு நானே போயிடுவேன். வெயிலா இருந்தா பக்கத்து ஊட்டு மாடிப்படிக்குக் கீழ. ஏன்பா இப்ப இத கேக்குற?"

இத்தனை வருஷமும் அயனம்பாக்கம் அமைதியான இடம், அதனால்தான் படுத்ததும் தூக்கம் வருகிறது என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அமைதியை வெயிலில் உட்கார்ந்து ஒரு குழந்தை கொடுத்தது என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"ஒண்ணுமில்லமா" என்றார். "நல்லா தூங்கினேன். உங்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு."